பிள்ளை கீறும் கோடும் வியாபாரி போடும் கணக்கும்

கடைக்கு ஒரு புதிய சரக்கை எடுக்கும்போது நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! எந்த நாட்டில் செய்தது, யார் இறக்குமதி செய்தது, இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்றெல்லாம் துருவித் துருவிப் பார்க்கிறோம். சந்தை விலையை விட மிகக் குறைவாக ஒருவன் தந்தால் நமக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் நம்முடைய பிள்ளை பாடசாலை விட்டுக் கடைக்கு வந்ததும், கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்து ஒரு மூலையில் இருத்தி விடுகிறோம். அதில் ஓடும் விளையாட்டு யார் செய்த சரக்கு, ஒரு சதமும் வாங்காமல் தருபவன் எதைக் கொண்டு பிழைக்கிறான் என்று கேட்பவர்கள் நம்மில் மிகக் குறைவு.

இந்த வாரம் ஒரு குறிப்பிட்ட வகை விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். கோடு கீறிப் புதிர் அவிழ்க்கும் விளையாட்டு இது. விளையாடும்போதே விஞ்ஞானப் பாடத்தில் வரும் நெம்பு, சாய்தளம், ஊசல், புவியீர்ப்பு ஆகியவற்றைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்துவிடும் என்பது இதன் சிறப்பு. இதன் கதையில் வியாபாரிக்கும் பாடம் இருக்கிறது, தகப்பனுக்கும் பாடம் இருக்கிறது.

விளையாட்டு எப்படி?

இந்த வகையில் உலகம் முழுவதும் பெயர் வாங்கியது ‘கிரேயோன் பிசிக்ஸ் டிலக்ஸ்’ என்ற விளையாட்டு. திரை ஒரு பழைய கடதாசி போல இருக்கும். அதில் ஒரு சிவப்புப் பந்தும் வேறோர் இடத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரமும் இருக்கும். பந்தை நட்சத்திரத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பந்தைக் கையால் தூக்கி வைக்க முடியாது. பிள்ளை தன் மனம்போல் எதையாவது கீற வேண்டும்.

இங்கேதான் வித்தை இருக்கிறது. கீறி முடித்த உடனே அந்தப் படத்துக்குப் பாரம் வந்துவிடும். பெட்டி கீறினால் பெட்டி விழும். கோடு கீறினால் அது பலகை போலக் கிடக்கும். வட்டம் கீறி நடுவில் ஆணி அடித்தால் சக்கரமாகச் சுழலும். பெரிதாகக் கீறியது பாரமாகவும் சிறிதாகக் கீறியது இலேசாகவும் இருக்கும். பள்ளத்துக்குப் பாலம் போடலாம், பந்தை ஒரு கல்லால் தள்ளிவிடலாம், தட்டாமரம் போல ஏற்றி இறக்கும் பலகை செய்து பந்தை எறியவும் செய்யலாம். இதுதான் சரியான விடை என்று ஒன்று கிடையாது. பத்துப் பிள்ளைகள் பத்து விதமாகச் செய்து முடிக்கலாம்.

ஒரு வாரத்து மாதிரியும் ஒன்றரை வருடத்துச் சரக்கும்

இதைச் செய்தவர் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த பெட்ரி புர்ஹோ. மாணவராக இருந்த காலத்தில் அவர் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். மாதம் ஒரு விளையாட்டுச் செய்ய வேண்டும், ஒவ்வொன்றையும் ஏழு நாட்களுக்குள் முடிக்க வேண்டும், முடித்ததை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தவற்றில் பல வந்த இடம் தெரியாமல் போயின. 2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெளிவந்த ‘கிரேயோன் பிசிக்ஸ்’ மட்டும் பற்றிக்கொண்டது.

வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். எந்தச் சரக்கு ஓடும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. அதனால் அவர் ஒரே விளையாட்டில் வீட்டை ஈடு வைத்து முதலைக் கொட்டவில்லை. சிறு சிறு மாதிரிகளைச் சந்தைக்கு விட்டுப் பார்த்தார். சனம் எதைக் கேட்டு வருகிறது என்று தெரிந்த பிறகுதான் உழைப்பைப் போட்டார்.

ஆனால் கதை அந்த ஒரு வாரத்தோடு முடியவில்லை. முழுமையான விளையாட்டு கணினிக்கு விற்பனைக்கு வந்தது 2009 ஜனவரியில்தான். மாதிரிக்கு ஒரு வாரம் போன இடத்தில், விற்கத்தக்க சரக்குக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் சேர்ந்தன, பிள்ளைகள் தாங்களே புதிய கட்டங்கள் அமைக்கும் வசதியும் சேர்ந்தது. இதற்கிடையே 2008 பெப்ரவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுயாதீன விளையாட்டுகள் விழாவில் முதற்பரிசும் 20,000 டொலரும் கிடைத்தன. பரிசு கிடைத்த கையோடு அரைகுறையாக விற்றுக் காசாக்கலாம் என்று அவர் அவசரப்படவில்லை. வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 20 டொலர். அன்றைய நாணய மாற்று விகிதத்தில் நமது காசுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபா. ஒருமுறை வாங்கினால் போதும், அதற்குப் பிறகு கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. ஐபோனுக்கு விற்கும் பொறுப்பை ஜப்பானின் ஹட்சன் சொஃப்ட் கம்பனி எடுத்துக்கொண்டது.

யோசனை இவருடையது மட்டும் என்றும் சொல்ல முடியாது. கீறிய படத்துக்கு உயிர் கொடுக்கும் மென்பொருளை அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்திலேயே செய்து காட்டியிருந்தார்கள். அவர்கள் நினைத்தது பொறியியலாளர்களை. பலகையில் கீறும் இயந்திரத்தைக் கணினி விளங்கிக்கொண்டு ஓட்டிக் காட்டும். அதே சங்கதியை ஒரு பந்தும் நட்சத்திரமும் வைத்துச் சிறு பிள்ளையின் கைக்குக் கொண்டு வந்தபோதுதான் அது கடைச் சரக்கானது.

உள்ளே ஓடும் கணக்கு

கீறிய பெட்டி விழ வேண்டும் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? இதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் உள்ளே வேலை செய்கிறது. பௌதிக இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நாள் முடிவில் ஒருமுறை வரவு செலவைப் பார்க்கிறோம். இந்த இயந்திரம் செக்கனுக்கு 60 தடவை அளவில் கணக்கை முடிக்கிறது. ஒவ்வொரு தடவையும், விழுந்துகொண்டிருக்கும் பொருள்களின் வேகத்தில் புவியீர்ப்பின் பங்கைச் சேர்க்கிறது. எந்தப் பொருள் எதனோடு முட்டுகிறது என்று பார்க்கிறது. முட்டியவற்றின் பாரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப எது எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று தீர்க்கிறது. இத்தனை விரைவாகக் கணக்கு முடிவதால் நம் கண்ணுக்கு உண்மையாகவே பெட்டி விழுவது போலத் தெரிகிறது.

இப்படிப்பட்ட இயந்திரங்களில் மிகப் பிரபலமானது ‘பொக்ஸ் டூ டி’. எரின் கட்டோ என்ற அமெரிக்க மென்பொருளாளர் 2006இல் ஒரு மாநாட்டில் இதன் சிறு வடிவத்தைச் செய்து காட்டி, 2007இல் யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று பொதுவில் விட்டார். கிரேயோன் பிசிக்ஸ் டிலக்ஸுக்குள் ஓடுவதும் இதுதான். 2009 டிசம்பரில் இன்னொரு பின்லாந்துக் கம்பனியான ரோவியோ வெளியிட்ட ‘அங்க்ரி பேர்ட்ஸ்’ விளையாட்டும் இதைக்கொண்டே செய்யப்பட்டது. அந்த ரோவியோ கம்பனியை 2023இல் ஜப்பானின் சேகா கம்பனி ஏறத்தாழ 70 கோடி யூரோ கொடுத்து வாங்கியது.

ஒரே மாவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் எல்லோரும் அதில் நல்ல பாண் சுடவில்லை. மூலப்பொருளில் இலாபம் இல்லை, அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

பிள்ளை எதைப் படிக்கிறது?

‘விளையாட்டில் படிப்பா, அது விற்பவன் சொல்லும் கதை’ என்று நினைப்பவர்கள் இருக்கலாம். இதை ஒரு பல்கலைக்கழகமே சோதித்துப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியை வலரி ஷூட்டும் அவருடைய குழுவினரும் கிரேயோன் பிசிக்ஸைப் பார்த்து அதே மாதிரியில் ஒரு விளையாட்டைச் செய்தார்கள். முதலில் ‘நியூட்டன்ஸ் பிளேகிரவுண்ட்’ என்றும் பின்னர் ‘பிசிக்ஸ் பிளேகிரவுண்ட்’ என்றும் அதற்குப் பெயர். பச்சைப் பந்தைச் சிவப்பு பலூனிடம் சேர்க்க வேண்டும். அதற்குப் பிள்ளைகள் கீற வேண்டியவை நான்கு. சாய்தளம், நெம்பு, ஊசல், வளைந்து எறியும் பலகை.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஏறத்தாழ நான்கு மணித்தியாலம், சில நாட்களாகப் பிரித்து விளையாட விட்டார்கள். விளையாடுவதற்கு முன்னும் பின்னும் சூத்திரம் எதுவும் தேவைப்படாத படக் கேள்விகள் கொடுத்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி மாணவர்களின் விளக்கம் கூடியிருந்தது. பெரிய பாய்ச்சல் என்று சொல்ல முடியாது, ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. நான்கு மணித்தியாலத்துக்கு இவ்வளவு கிடைத்தால் நட்டமில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளைக்குக் கிடைப்பது சூத்திரம் அல்ல. கைப்பழக்கம் என்று சொல்லலாம். நமது கடைகளில் மூடை இறக்கும் நாட்டாமிமாரைப் பாருங்கள். பௌதிகவியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் லொறியின் தட்டு ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால் பலகையை நீளமாகச் சாய்த்து வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். 4 மீற்றர்ப் பலகையில் 50 கிலோ மூடையைத் தள்ள, உராய்வை விட்டுப் பார்த்தால், 12½ கிலோவைத் தூக்கும் பலம் போதும். ஆனால் ஒரு மீற்றர் தூக்குவதற்குப் பதிலாக நான்கு மீற்றர் தள்ள வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்ட வேண்டியிருக்கிறது.

என்னுடைய கடைசி மகனுக்குப் பத்து வயது. ஒருநாள் கடையில் இருந்து இந்த வகை விளையாட்டொன்றில் தட்டாமரம் கீறிப் பந்தை எறிந்துகொண்டிருந்தான். தாங்குகட்டை நடுவில் இருந்தபோது பந்து போதிய உயரம் போகவில்லை. கட்டையைக் கல் விழும் பக்கத்துக்குக் கிட்டக் கொண்டுவந்ததும் பந்து பறந்தது.

“வாப்பா, கல் அதே கல்தானே? இப்ப மட்டும் எப்படி இவ்வளவு வேகம் வந்தது?” என்று கேட்டான்.

பெட்டி திறக்கும் அலவாங்கை எடுத்து வந்து, பாரமான ஒரு பெட்டியின் கீழே கொடுத்து, “நுனியைப் பிடித்து அமர்த்துங்க மகன்” என்றேன். பெட்டி எழும்பியது. “உங்க கை எவ்வளவு இறங்கினது, பெட்டி எவ்வளவு ஏறினது, பாருங்க” என்றேன். கை ஒரு முழம் இறங்க, பெட்டி இரண்டு விரல்தான் ஏறியிருந்தது.

கொஞ்ச நேரம் யோசித்தவன், “அப்ப விளையாட்டில கல்லு கிட்ட நிற்குது, பந்து தூரத்தில நிற்குது. கல்லு கொஞ்சம் இறங்கினா பந்து கனக்கப் போகும்” என்றான்.

அலவாங்கில் நாம் தூரத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிறோம். தட்டாமரத்தில் அவன் பலத்தைக் கொடுத்துத் தூரத்தை வாங்கினான். நெம்பு என்பது ஒரு பண்டமாற்று. இரண்டு பக்கமும் இலாபம் தரும் நெம்பு உலகத்தில் கிடையாது. கட்டையிலிருந்து ஓரடி தூரத்தில் 60 கிலோ இருந்தால், மறுபக்கம் நாலடி தூரத்தில் 15 கிலோ வைத்துச் சமப்படுத்தலாம். ஆனால் அந்த 60 கிலோவை ஓர் அங்குலம் உயர்த்த 15 கிலோ நான்கு அங்குலம் இறங்கியாக வேண்டும். தராசு பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

விளையாட்டு சொல்லித் தராதவையும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றில் காற்று கிடையாது. பெரிய பாறையும் சின்னக் கல்லும் ஒரே உயரத்திலிருந்து ஒன்றாக விழும். காற்றின் தடை இல்லாவிட்டால் உண்மையிலும் அப்படித்தான், பாரம் கூடியது முந்தி விழும் என்ற நமது நினைப்புத்தான் பிழை. ஆனால் கடதாசித் துண்டு ஆடி ஆடி விழுவதை அந்த விளையாட்டு காட்டாது. பெயர்களையும் அது சொல்லாது. ‘நீ செய்தது நெம்பு, இது சாய்தளம்’ என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒருவர் வேண்டும். புளோரிடாக் குழுவினரும் பிற்காலத்தில் விளையாட்டோடு சிறு விளக்கப் படங்களைச் சேர்த்தார்கள்.

இலவசம் யார் கணக்கில்?

இனி வியாபாரத்துக்கு வருவோம். கிரேயோன் பிசிக்ஸைத் தொடர்ந்து கோடு கீறும் விளையாட்டுகள் பல வந்தன. 2015இல் ஜப்பானின் டிரான்ஸ்லிமிட் கம்பனி ‘பிரெயின் டொட்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. கோடு கீறி நீலப் பந்தையும் சிவப்புப் பந்தையும் முட்ட வைக்க வேண்டும். இதே மாதிரியில் இன்று கைத்தொலைபேசியில் எண்ணிக்கை சொல்ல முடியாத அளவுக்கு இருக்கின்றன. இறக்கிக்கொள்ளப் பெரும்பாலும் காசு இல்லை.

காசு வேறு வழியால் வருகிறது. விளம்பரம் காட்டுவதற்கு விளம்பரக்காரன் கொடுக்கிறான். புதிர் அவிழாவிட்டால் ‘குறிப்பு வேண்டுமா, இந்த விளம்பரத்தைப் பார்’ என்று கேட்கும். விளம்பரம் வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு விலை இருக்கும். இதில் களவு ஒன்றும் இல்லை, அதுவும் ஒரு வியாபார முறைதான். ஆனால் அந்த முறை பிள்ளையின் படிப்பை எங்கே தொடுகிறது என்று பாருங்கள்.

பிள்ளை எப்போது படிக்கிறது? முதல் தடவையே பந்து நட்சத்திரத்தைத் தொட்டால் பெரிதாக ஒன்றும் படிப்பதில்லை. கீறிய பாலம் சரிந்து விழும்போது, ‘ஏன் விழுந்தது’ என்று ஒரு கணம் நிறுத்தி யோசித்து, தாங்குகட்டையைக் கொஞ்சம் தள்ளி மறுபடி கீறும்போதுதான் படிக்கிறது. விழுவதற்கும் மறுபடி கீறுவதற்கும் இடைப்பட்ட அந்த ஒரு கணம்தான் முழுப் பாடமும். அதே கணத்தில்தான் விளம்பரம் வந்து நிற்கிறது, குறிப்பும் விற்கப்படுகிறது. பிள்ளை யோசித்துக் கண்டுபிடித்துவிட்டால் குறிப்பு விற்கிறவனுக்கு வியாபாரம் இல்லை. அவசரப்பட்டு விடையைக் கேட்டால்தான் அவனுக்கு வருமானம்.

ஒருமுறை விலை வாங்கியவனுக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. பிள்ளை நூறு தடவை பிழை விட்டாலும் அவனுக்கு நட்டமும் இல்லை இலாபமும் இல்லை. அதனால் அவனால் பொறுமையான விளையாட்டைச் செய்ய முடிகிறது. கிரேயோன் பிசிக்ஸ் டிலக்ஸில் ஒரு கட்டத்தை எப்படியோ முடித்த பிறகும், ஒரே ஒரு படம் கீறி அழகாக முடிக்க முடியுமா என்று கேட்கும். இன்னொரு பாராட்டும் உண்டு. ‘பிரமாதமான விடை’ என்ற அந்தப் பாராட்டைக் கொடுப்பது கணினி இல்லை, தான் செய்தது பிரமாதமா என்று பிள்ளையே தீர்மானிக்கும். விளம்பரத்தில் பிழைக்கும் விளையாட்டுக்கு, முடித்த கட்டத்திலேயே பிள்ளையை இப்படி மினக்கெட வைப்பது கட்டுப்படியாகாது.

இலவசம் எல்லாமே இப்படி என்றும் சொல்லக் கூடாது. ‘நம்ப்டி பிசிக்ஸ்’ என்ற விளையாட்டு 2008இல் நொக்கியாவின் சிறு கணினிகளுக்காகச் செய்யப்பட்டு, மூல நிரலோடு பொதுவில் விடப்பட்டது. சுவீடனின் ஊமியோ பல்கலைக்கழகத்து மாணவர் எமில் எர்னர்பெல்ட் தன் பட்டப்படிப்புக்காகச் செய்த ‘ஃபன்’ என்ற மென்பொருள் 2009இல் ‘அல்கொடூ’ ஆக மாறியது. முதலில் விலைக்கு விற்கப்பட்டு, பின்னர் கணினிக்கு இலவசமாக்கப்பட்டது. கீறிய பொருளின் பாரம், வழுக்கும் தன்மை, துள்ளும் தன்மை ஆகியவற்றைப் பிள்ளை தானே மாற்றிப் பார்க்கலாம். ஆகவே கேள்வி விலை இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. விற்பவனின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

கொடுக்குமுன் பாருங்கள்

பிள்ளையின் கையில் கொடுக்குமுன் தகப்பன் பத்து நிமிடம் தானே விளையாடிப் பார்க்கட்டும். நான் பார்ப்பது நான்கு விடயங்கள்.

ஒன்று, பிழைத்துப்போனால் உடனே மறுபடி கீற விடுகிறதா, இடையில் வேறெதையாவது பார்க்கச் சொல்கிறதா?

இரண்டு, ஒரு கட்டத்தை வேறு வேறு விதமாக முடிக்கலாமா? குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட கோட்டைக் கீறினால்தான் சரி என்றால், அது கோடு கீறும் விளையாட்டின் சட்டை போட்ட மனப்பாடம்.

மூன்று, கீறியதற்கு உண்மையான பாரம் இருக்கிறதா? பெரிதாகவும் சிறிதாகவும் ஒரே வடிவத்தைக் கீறிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி நடந்தால் உள்ளே பௌதிகவியல் இல்லை.

நான்கு, இணையத் தொடர்பை நிறுத்தினாலும் ஓடுகிறதா? ஓடினால் பெரும்பாலும் விளம்பரத் தொல்லை குறையும்.

இதற்கு மேல் பிள்ளையோடு கால்மணி நேரம் இருங்கள். நமது கடைகளில் தராசு இருக்கிறது, அலவாங்கு இருக்கிறது, மூடை ஏற்றும் பலகை இருக்கிறது, சாமான் தூக்கும் கப்பி சில களஞ்சியங்களில் இருக்கிறது. விளையாட்டில் கண்டதைக் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஆய்வுகூடம் எந்தப் பாடசாலையிலும் கிடைக்காது. திரையில் கண்டதும் கையில் கண்டதும் ஒன்று என்று விளங்கிய பிள்ளைக்கு, வகுப்பில் ஆசிரியர் நெம்பைப் பற்றிச் சொல்லும்போது அது புதிய பாடமாக இருக்காது.

பலத்தில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுக்க வேண்டும் என்பது நெம்பின் சட்டம். காசில் மிச்சம் பிடித்த விளையாட்டிலும் யாரோ ஒருவர் எதையோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கொடுப்பது நம் பிள்ளையின் யோசிக்கும் நேரமாக இருந்தால், இரண்டாயிரம் ரூபாவுக்கு வாங்கியது மலிவு.